கடல் கடந்து வந்த மை

எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் நிக்காஹ் தஃப்தர்கள் ஒரு பழைய மரப் பீரோவில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. சென்ற ஐப்பசி மழையில் ஓட்டு இடுக்கின் வழியே நீர் கசிந்து, அடித்தட்டிலிருந்த மூன்று தஃப்தர்கள் ஓர் இரவு முழுவதும் நனைந்து கிடந்தன. மறுநாள் அவற்றைப் பாயில் விரித்து உலர்த்தியபோது எங்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. மூன்றிலும் மிகப் பழைய தஃப்தரில், எங்கள் பாட்டனார் காலத்து ஏட்டில், ஓர் எழுத்தும் அழியவில்லை. தாள் பழுத்து ஓரம் பொடிந்திருந்தது. ஆயினும் மணமகன் பெயர், வலீயின் பெயர், மஹர் தொகை, சாட்சிகளின் கையொப்பம் அனைத்தும் கருமையாகவே நின்றன. பிந்திய இரண்டிலும் எழுத்து இருந்த இடமெல்லாம் இளநீலக் கறையாகப் பரவியிருந்தது.

கரைந்துபோன பக்கங்களுள் ஒன்று ஒரு மூதாட்டிக்குத் தேவைப்பட்டது. கணவரை இழந்த அவர், ஓய்வூதியத்துக்காக நிக்காஹ் நடந்த சான்று கேட்டு ஜமாஅத்துக்கு மனுக் கொடுத்திருந்தார். சாட்சிகளில் ஒருவர் அல்லாஹ்வின் அருளால் உயிரோடிருந்தார். அவர் வந்து வாக்குமூலம் தந்ததால் காரியம் நிறைவேறியது. அவரும் மறைந்திருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்பதை நினைக்கவே அச்சமாக இருந்தது.

“தம்பி, இனி எழுதறதையாவது தண்ணிக்கு அழியாத மையில எழுதணும். அதுக்கு வழி பாருங்க” என்றார் முத்தவல்லி. இங்கிலாந்திலிருக்கும் என் மச்சானுக்குச் செய்தி அனுப்பினேன். அங்கே திருமணப் பதிவேடுகளுக்கென்றே வழங்கும் ஒரு மை உண்டு. ஊற்றுப்பேனாவில் நிரப்பி எழுதலாம். விடுமுறைக்கு வரும்போது இரண்டு புட்டி வாங்கி வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இதைச் சொன்னதும் முத்தவல்லி சிரித்துவிட்டார். “மை வாங்குறதுக்கா இங்கிலாந்து?”

நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடிப் போனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலான ஒரு கதை விரிகிறது. அதன் பெரும்பகுதி முஸ்லிம்களின் கதை.

நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே மை பயணப்படும் பொருளாக இருந்தது. வஹீ இறங்கியபோது ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பலகையும் மைக்கூடும் தோள்பட்டை எலும்பும் எடுத்துக்கொண்டு வரச் சொன்ன செய்தி ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது. எழுதுபவர் தம் மைக்கூட்டுடன் வரவேண்டும் என்பதே அன்றைய நடைமுறை என்று இதிலிருந்து அறிகிறோம். கடல் முழுவதும் மையானாலும் இறைவனின் சொற்களை எழுதி முடியாது என்ற கருத்தைச் சொல்லும் சூரத்துல் கஹ்பின் 109ஆம் வசனத்தில் மைக்கு வரும் சொல் ‘மிதாத்’ என்பது. நீட்டுதல், தொடர்ந்து வழங்குதல் என்ற பொருள் தரும் வேரிலிருந்து பிறந்தது அச்சொல். அரபியில் மைக்கு இன்னொரு சொல்லும் உண்டு, அது ‘ஹிப்ர்’. இரண்டையும் மாற்றி மாற்றி வழங்கியோர் பலர். ஆனால் நூல் எழுதும் தொழில் அறிந்தோர் இவ்விரண்டையும் வெவ்வேறு மைகளாகவே பிரித்துப் பேசினர். எங்கள் தஃப்தரின் புதிருக்கு விடை இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

மிதாத் என்பது கரிமை. விளக்குப் புகையின் கரியைப் பிசினும் நீரும் சேர்த்து அரைத்தால் அது கிடைக்கும். நிறம் ஒருநாளும் மங்காது. ஆனால் அது தாளின் மேலே படிந்து நிற்குமே தவிர உள்ளே இறங்காது. ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிடலாம். குழந்தைகள் ஓதும் மரப்பலகைக்கு இக்குணம் மிகவும் ஏற்றது. மக்ரிப் நாடுகளில் ஆட்டு ரோமத்தைக் கருக்கிச் செய்த மையால் பலகையில் எழுதி, மனனமானதும் கழுவிவிட்டு அடுத்த பாடம் எழுதும் வழக்கம் நெடுங்காலம் நிலைத்தது. கழுவக்கூடிய மை அங்கே ஒரு வசதி.

ஹிப்ர் என்பது வேறு. ஒருவகைச் சிறு குளவி கருவாலி மரத்தின் தளிரில் முட்டையிடும். அவ்விடத்தில் மரம் புடைத்து, காய் போன்ற ஒரு முடிச்சு உண்டாகும். நம் நாட்டுமருந்துக் கடைகளில் மாசிக்காய் என்று விற்பது இதுவே; பச்சைக் குழந்தைக்கு உரைமருந்து இழைத்த தாய்மார் எல்லோரும் அறிவர். இதன் துவர்ப்புச் சாற்றுடன் இரும்பு உப்பாகிய அன்னபேதியைக் கலந்தால் ஹிப்ர் உண்டாகிறது. பிசின் அதைத் தாளில் பற்றச் செய்கிறது. எழுதும்போது வெளிறித் தோன்றும் இம்மை, காற்றுப் பட்டதும் மெல்லக் கறுத்து, நீரில் கரையாத பொருளாக மாறித் தாளின் நாருக்குள் அமர்ந்துவிடும். பத்திரம், தீர்ப்பு, வக்ஃபு ஆவணம் போல அழிக்கவோ திருத்தவோ கூடாதவற்றுக்கு இதுவே தக்க மை. இதற்கும் ஒரு குற்றம் உண்டு. கலவையின் அளவு தவறினால் அதிலுள்ள அமிலம் நாளடைவில் தாளையே அரித்துவிடும். வரிகள் இருந்த இடத்தில் ஓட்டைகள் மட்டும் எஞ்சிய பழஞ்சுவடிகள் உலகின் பெரும் நூலகங்கள் பலவற்றிலும் உள்ளன.

எங்கள் பழைய தஃப்தரை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எழுத்துகளைச் சுற்றித் தாள் லேசாகப் பழுப்பேறியிருந்தது. அது இரும்பு மையின் அடையாளம். அக்காலத்து லெப்பை அதை எங்கே வாங்கினாரோ, வீட்டிலேயே கடுக்காயும் அன்னபேதியும் ஊறவைத்துக் காய்ச்சினாரோ, ஏடு அதைச் சொல்லவில்லை. மாசிக்காய்க்குப் பதிலாக நம் நாட்டில் கடுக்காய் உதவும். துவர்ப்பு எதில் இருக்கிறதோ அதில் மை இருக்கிறது.

மாசிக்காயில் உயர்ந்தது எது என்று கேட்டால் நூற்றாண்டுகளாக ஒரே விடைதான்: ஹலப் நகரத்துச் சரக்கு. இன்றைய சிரியாவிலுள்ள அந்நகரை ஐரோப்பியர் அலெப்போ என்பர். குளவி துளையிட்டு வெளியேறும் முன்னரே பறித்த, துளையில்லாத, நீலங்கலந்த காய்களுக்கே மதிப்பு அதிகம். அவற்றில்தான் துவர்ப்பு நிறைந்திருக்கும். குர்து மக்கள் வாழும் மலைக்காடுகளில் பறித்தவை மோசுல் வட்டாரத்திலிருந்து ஒட்டகங்களில் ஹலபுக்கு வந்தன. அங்கிருந்து இஸ்கந்தரூன் துறைமுகத்தில் கப்பலேறின. 1592இல் உருவான ஆங்கிலேயரின் லெவன்ட் கம்பெனி ஹலபில் கிடங்கு வைத்து வாங்கிச் சென்ற சரக்குகளில் பட்டோடு மாசிக்காயும் உண்டு. சாயப் பட்டறைகளுக்கும் அது வேண்டும், மைக்கும் வேண்டும். மைக்கு வேண்டிய பிசினுள் பேர்பெற்றது சூடானின் குர்துஃபான் பகுதியில் வேலமரத்து இனமொன்றிலிருந்து எடுப்பது. அதன் பெயரே உலகெங்கும் அரபுப் பிசின் என்றாயிற்று. ஆக, இங்கிலாந்து தன் திருமணங்களைப் பதிய வேண்டிய மைக்குப் பல காலம் முஸ்லிம் நாடுகளின் சந்தைகளை நம்பியிருந்தது. வெளிநாட்டில் மை வாங்கி வீடு கொண்டு சேர்க்கும் கவலை முதலில் அவர்களுடையது. முத்தவல்லியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிப்பு வேறுவிதமாக இருந்தது.

சரக்கைக் கொண்டுபோவது எளிது. காய் கொட்டாது, பிசின் சிந்தாது. அன்னபேதியைக் காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் போதும். தொல்லையெல்லாம் நீர் சேர்ந்த பின்புதான். மையைச் சுமந்து நடந்தவர்களில் முதலில் நினைக்கத்தக்கவர்கள் ஹதீஸ் தேடி ஊர் ஊராகச் சென்ற மாணவர்கள். ஒரே ஒரு நபிமொழியைக் கேட்டு எழுத ஒரு மாதத் தொலைவு நடந்தோர் உண்டு. ‘மைக்கூடு உடையோர்’ என்றே அவர்களுக்கு ஒரு பெயர் வழங்கியது. ஹிஜ்ரி 241இல் (கி.பி. 855) மறைந்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள், பேரறிஞராகப் புகழ்பெற்ற பின்பும் கையில் மைக்கூட்டுடன் செல்வதைக் கண்டு ஒருவர் வியந்து கேட்டாராம். கப்ருவரை இதனோடுதான் என்னும் பொருள்பட இமாம் விடையளித்தார்கள். (அறிஞர்களின் மையைத் தியாகிகளின் இரத்தத்தோடு நிறுத்துப் பார்க்கும் செய்தியொன்று நம் மேடைகளில் நபிமொழியாக அடிக்கடி கூறப்படுகிறது. ஹதீஸ்கலை வல்லுநர்கள் அதை ஆதாரமுடையதாக ஏற்கவில்லை. மையின் சிறப்பைச் சொல்ல நமக்கு வேறு சான்றுகள் போதிய அளவு உள்ளன.)

சட்டைக் கையிலோ இடுப்பிலோ மைக்கூடு வைத்துக்கொண்டு கழுதைமேல் ஏறிச் செல்பவரின் ஆடை என்ன ஆகும்? இதற்கு நம் முன்னோர் கண்ட முதல் தீர்வு ‘லீக்கா’ என்னும் பட்டுநூல் பஞ்சு. மைக்கூட்டினுள் கச்சாப் பட்டின் இழைகளைத் திணித்து, அதில் மையை ஊறவைப்பார்கள். கூடு கவிழ்ந்தாலும் மை வழியாது. நாணற்பேனா பஞ்சை மெல்லத் தொட்டால் வேண்டிய அளவே ஏறும், முனையும் தேயாது. மம்லூக்குகளின் அரசு அலுவலகத்தில் பணியாற்றிய கல்கஷந்தீ (1355–1418) தம் பெருநூலாகிய ஸுப்ஹுல் அஃஷாவில் எழுத்தரின் கருவிகளை ஒவ்வொன்றாக விளக்குகிறார். பேனாக்கூடு மிக்லமா, மைக்கூடு மிஹ்பரா, பேனா வெட்டும் தட்டு மிகத்து, பஞ்சைக் கிளறும் குச்சி மில்வாக், ஈரத்தை உறிஞ்சத் தூவும் மணலின் கிண்ணம் மிர்மலா என்று எல்லாம் ‘மீம்’ எழுத்தில் தொடங்கும் பெயர்கள். பஞ்சைக் கிளற ஒரு தனிக் கருவி வைத்திருந்தார்கள் என்றால் அது எவ்வளவு அன்றாடத் தேவையாக இருந்திருக்கும்!

உஸ்மானியத் துருக்கியில் இவை ஒன்றாகி ‘திவித்’ என்ற வடிவம் பெற்றன. மைக்கூட்டைக் குறிக்கும் தவாத் என்னும் அரபுச் சொல்லே துருக்கியர் நாவில் அவ்வாறு திரிந்தது. பித்தளையிலோ வெள்ளியிலோ செய்த நீண்ட பேனாக்குழல். அதன் தலைப்பக்கம் ஒட்டிய, மூடியுடன் கூடிய சிறு மைக்கூடு. எழுத்தர் அதை வாளைப் போல் இடைக்கச்சையில் செருகிக்கொள்வார்.

இரண்டாவது தீர்வு இன்னும் அழகானது: நீரையே விட்டுவிடுவது. அரபு மைநூல்கள் உலர்மைகளைச் செய்யும் முறைகளையும் கூறுகின்றன. சரக்குகளை நுண்பொடியாக்கியோ வில்லையாகத் தட்டி உலர்த்தியோ மடித்து வைத்துக்கொண்டால், தங்குமிடத்தில் நீர் விட்ட மாத்திரத்தில் மை ஆயத்தம். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் மைவில்லையை நீரில் கரைத்துப் புட்டியில் நிரப்பியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். விரல் நுனியெல்லாம் நீலமாக வீடு திரும்பி அடி வாங்கிய அவர்கள் ஒரு பழைய பயணிகளின் வழியைத்தான் பின்பற்றினார்கள். அவர்களுக்கு அது தெரியாது.

கரிமையைப் பற்றித் துருக்கிய எழுத்தணிக் கலைஞர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் இரண்டு செய்திகளை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. இஸ்தன்பூலில் 1557இல் கட்டி முடிக்கப்பட்ட சுலைமானிய்யா பள்ளிவாசலில், எண்ணற்ற எண்ணெய் விளக்குகளின் புகை சுவர்களைக் கறைப்படுத்தாமல் காற்றோட்டத்தால் வாயிலின் மேலுள்ள ஓர் அறைக்கு இழுக்கப்படும்படி சிற்பி சினான் அமைத்தார். அங்கே படிந்த கரியைச் சேகரித்து மை செய்தார்கள் என்பது ஒன்று. கரியும் பிசினும் ஒன்றாக இழைய நெடுநேரம் அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பதால், ஹஜ்ஜுக்குப் புறப்படும் ஒட்டகங்களில் மைக்கலங்களைத் தொங்கவிட்டு அனுப்புவார்கள். மக்காவுக்குப் போய்த் திரும்பும் நடையின் குலுக்கலில் மை பக்குவமாகும் என்பது மற்றொன்று. பயணத்தால் கெடாமல் பயணத்தாலேயே பக்குவப்பட்ட மை!

மூன்றாவது தீர்வை ஒரு கலீஃபா கேட்டார். வட ஆப்பிரிக்காவில் ஆட்சி தொடங்கிப் பின் கெய்ரோவைத் தலைநகராக்கிய ஃபாத்திமிய்ய மன்னர் அல்முஇஸ் (ஆட்சி 953–975) மைக்கூடே தேவைப்படாத ஒரு பேனாவை விரும்பினார் என்று அவருடைய நீதிபதி அல்நுஃமான் தம் நூலில் பதிந்துள்ளார். மை பேனாவினுள்ளேயே இருக்கவேண்டும். எழுத விரும்பினால் வழியவும், எழுதாதபோது நிற்கவும் வேண்டும். சட்டைக் கையினுள் போட்டுக்கொண்டாலும், தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டும் சிந்தக்கூடாது. நுஃமானுக்கு இது நடக்கக்கூடியதாகத் தோன்றவில்லை. அல்லாஹ் நாடினால் நடக்கும் என்றார் மன்னர். சில நாட்களில் கைவினைஞர் ஒருவர் பொன்னாலான பேனாவைக் கொண்டுவந்தார். முதலில் மை சற்று மிகுதியாக இறங்கியது. திருத்திக் கொண்டுவந்தபின், கையில் எப்படித் திருப்பினாலும் மை கசியவில்லை. வேண்டுவோருக்கு வேண்டிய நேரத்தில் மட்டும் தந்து, வீணாக எதையும் வெளிவிடாத அதன் இயல்பில் ஒரு நற்குணத்தின் உவமை இருப்பதாக நுஃமான் எழுதுகிறார். உள்ளமைப்பு எப்படி இருந்தது என்பதை அவர் விவரிக்கவில்லை. ஆகவே அதுவே இன்றைய ஊற்றுப்பேனாவின் மூதாதை என்று மார்தட்டுவது மிகையாகும். நியூயார்க்கின் வாட்டர்மன் 1884இல் காப்புரிமை பெற்ற பேனாவுக்கும் அதற்கும் இடையே தொடர்ச்சி எதுவும் தெரியவில்லை. எனினும் தேவையை அத்தனை துல்லியமாக வரையறுத்துக் கேட்டவர் ஒரு முஸ்லிம் மன்னர் என்பது வரலாறு.

அல்முஇஸ் எகிப்துக்குப் பெயர்ந்தபோது மேற்கு நாட்டை ஸீரீ குலத்தாரிடம் ஒப்படைத்தார். அக்குலத்தில் நான்காம் தலைமுறையில் வந்த மன்னருக்கும் அல்முஇஸ் என்றே பெயர். அல்முஇஸ் இப்னு பாதீஸ் (ஆட்சி 1016–1062). ஃபாத்திமிய்யரின் மேலாண்மையை உதறி அப்பாஸிய்யரின் பக்கம் திரும்பியவர் இவர். இவர் பெயரால் வழங்கும் ‘உம்தத்துல் குத்தாப்’ என்னும் நூல், பேனா வெட்டுவது முதல் கரிமை, இரும்பு மை, வண்ண மைகள், எழுத்தை அழிக்கும் முறை, பசை, காகிதம், நூற்கட்டு வரை பன்னிரண்டு இயல்களில் பேசுகிறது. ஓர் அரசரின் பெயர் மைக் குறிப்புகளின் தொகுப்போடு நிலைத்திருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது. இவருடைய ஆட்சியில், ஹிஜ்ரி 410இல் (கி.பி. 1020), அரண்மனைச் செவிலித்தாய் ஃபாத்திமா என்பார் எழுதுவித்துக் கைரவான் பெரிய பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்த குர்ஆனின் தோலேடுகள் இன்றளவும் உள்ளன. ஒரு செவிலித்தாயின் பெயர் ஆயிரம் ஆண்டு நிற்பதற்கு மையும் ஒரு காரணம்.

இங்கிலாந்து மை என்றதும் எங்கள் மஹல்லாவின் மூத்தவர் ஒருவர் வேறொரு ஐயம் எழுப்பினார். அதில் என்னென்ன கலந்திருக்கிறதோ, பிஸ்மி எழுதும் ஏட்டுக்கு அது ஆகுமா என்றார். ஐரோப்பாவின் பழைய மைக் குறிப்புகள் சிலவற்றில் நீருக்குப் பதிலாக வெள்ளைத் திராட்சை மதுவோ பீரோ கூறப்பட்டிருப்பதால் அவருடைய ஐயத்தை வெறும் பேதைமை என்று தள்ள முடியாது. இன்றைய பதிவேட்டு மை நீரால் ஆனது. துவர்ப்பு அமிலங்கள், இரும்பு உப்பு, சிறிது நீலச் சாயம் ஆகியவையே அதன் முதன்மைச் சேர்மானம் என்று சொன்னோம். ஆலிமிடமும் கேட்டுத் தெளிந்தோம்.

இதே ஐயம் 600 ஆண்டுகளுக்கு முன் இன்னும் கூர்மையாக எழுந்ததுண்டு. இன்றைய அல்ஜீரியாவின் தில்லிம்ஸான் நகருக்கு இத்தாலியக் காகிதம் வந்துகொண்டிருந்த காலம். உள்ளூரில் காகிதம் செய்வது நின்றுவிட்டது. வந்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நீர்க்குறியாகச் சிலுவையும் உயிர்களின் உருவமும் தெரியும். செய்தவர்களின் ஈரக்கையால் அது அசுத்தப்பட்டிருக்குமோ என்ற கேள்வியும் சேர்ந்தது. இதில் இறைவசனம் எழுதலாமா? மாலிக்கீ அறிஞர் இப்னு மர்ஸூக் (ரஹ்) 1409இல் இதற்கென ஒரு விரிவான ஃபத்வாவை எழுதி, ஆகும் என்று தீர்ப்பளித்தார்கள். ஐயத்தை வைத்து ஒரு பொருளை அசுத்தம் என்று முடிவு செய்ய இயலாது. அத்தேவையின்றிக் கல்வியும் ஆவணமும் நடவா. மேலும் இறைவனின் பெயரை அதன்மேல் எழுதும்போது பொய்யின் இடத்தில் உண்மையே வைக்கப்படுகிறது என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைவிட அது தூய்மையானதா, தேவையானதா, எதற்குப் பயன்படுகிறது என்பவற்றையே அவர்கள் எடைபோட்டார்கள். ஹலப் மாசிக்காய் பிரிட்டனுக்குப் போனது, இத்தாலியக் காகிதம் தில்லிம்ஸானுக்கு வந்தது. எழுதுபொருள்களுக்குத் தாய்நாடு என்று ஒன்றைச் சொல்வது கடினம்.

இனி, எங்கள் பிந்திய தஃப்தர்கள் ஏன் கரைந்தன என்பது. 1856இல் பெர்கின் என்னும் ஆங்கிலேய இளைஞர் கரித்தாரிலிருந்து செயற்கைச் சாயம் கண்ட பின்பு மைத்தொழில் மாறிற்று. சாயமை மலிவானது, பளிச்சென்றது, எஃகு நிப்பை அரிக்காதது, பேனாவின் நுண்ணிய வாய்க்காலை அடைக்காதது. பார்க்கர் நிறுவனம் 1931இல் க்விங்க் என்ற பெயரில் வெளியிட்ட மை விரைந்து உலர்வதால் புகழ்பெற்றது. அவ்வகை மைகளில் ‘கழுவக்கூடிய நீலம்’ என்று ஒன்று உண்டு. குழந்தைகளின் சட்டையில் கொட்டினால் துவைத்து எடுத்துவிடலாம் என்பதே அதன் விளம்பரம். அத்தகைய சாயநீல மையால்தான் நாம் நிக்காஹ் எழுதிவந்திருக்கிறோம். மக்ரிபுச் சிறுவர்களின் பலகைக்கு உரிய குணமுள்ள மை, தெரியாமல் தஃப்தருக்கு வந்துவிட்டது.

நம் ஊர்களில் பேனாவும் மையும் வெளிநாட்டு நினைவோடு பிணைந்தவை. மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும், பின்னர் வளைகுடாவிலிருந்தும் திரும்பிய சபராளிகளின் சட்டைப் பையில் பேனாவின் பொன்னிறக் கொக்கி மின்னும். பெட்டி திறக்கும் நாளில் அத்தரும் துணியும் பெண்களுக்கு. பேனா, படிக்கும் பிள்ளைக்கு. மை எப்போதும் பேனாவைவிடக் குறைவாகவே வந்தது. புட்டி உடைந்தால் புடவைகள் போய்விடும் என்ற அச்சம்தான்.

அந்த அச்சத்தை என் மச்சானும் அறிவார். 2006ஆம் ஆண்டிலிருந்து விமானத்தில் கைப்பையில் கொண்டுசெல்லும் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படக்கூடாது என்ற கட்டுப்பாடு பரவலாக நடைமுறைக்கு வந்தது. அவர் வாங்கியவை 30 மில்லிலிட்டர் புட்டிகள் இரண்டு, ஆகவே தடையில்லை. மூடியின் திருகில் டேப் சுற்றி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் கட்டி, ஒளிபுகும் பையில் வைத்துக்கொண்டார். பேனாவைப் பற்றி நான் சொல்லியிருந்தேன்: பாதி மை இருக்கும் நிலையில் கொண்டுவர வேண்டாம், முழுவதும் நிரப்புங்கள் அல்லது முழுவதும் காலி செய்யுங்கள். விமானத்தினுள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போலக் குறையும். அப்போது பேனாவுக்குள் அடைபட்ட காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். உள்ளே காற்றில்லாவிட்டால் தள்ளுவதற்கு ஏதுமில்லை. முள்ளை மேல்நோக்கி நிறுத்தினால் வெளியேறுவது காற்றாகவே இருக்கும். அல்முஇஸ் கேட்ட பேனா இச்சோதனையில் தேறியிருக்குமா என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

இன்னொன்றையும் அவரிடம் வற்புறுத்தினேன். கடையில் எழுத்தணிக் கலைக்கான கரிமைப் புட்டியும் அருகிலேயே இருக்கும், அழகாகவும் இருக்கும், அதை ஊற்றுப்பேனாவுக்கென்று வாங்கிவிட வேண்டாம். அதிலுள்ள பிசின் உலர்ந்தால் பேனாவின் வாய்க்கால் அடைபட்டுவிடும். நாணற்பேனாவுக்கு அமைந்தது ஊற்றுப்பேனாவுக்கு நஞ்சு. பேனாவுக்கென்றே நுண்ணிதாக அரைத்த கரிமைகளை ஜப்பானியர் செய்கிறார்கள், அது வேறு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதத்தோடு திருமணப் பதிவேடு ஏடுகள் நின்று, பதிவு கணினிக்குப் போய்விட்டது. நமக்கு மை வாங்கித் தந்த அந்நாட்டில் அதற்குரிய வேலையே பெரும்பகுதி முடிந்துவிட்டது. கடைகளில் இன்னும் கிடைக்கிறது.

மச்சான் வந்த வாரத்திலேயே ஒரு நிக்காஹ் நடந்தது. ஆலிம் புதிய மையை நிரப்பி மணமகன் பெயரை எழுதினார். எழுத்து வெளிர்நீலமாக, தண்ணீர் கலந்ததுபோல் தெரிந்தது. மணப்பெண்ணின் தந்தை என்னைப் பார்த்தார். “இங்கிலாந்துச் சாமானே இப்படியா?” என்று பின்னாலிருந்து ஒருவர் மெல்லக் கேட்டார். முத்தவல்லியின் முகத்திலும் தெளிவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவைத்தேன். மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு அவரே பீரோவைத் திறந்து, பக்கத்தைப் புரட்டி, நேற்றைய வரியின்மேல் விரலை ஈரமாக்கி ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். வரி கறுத்திருந்தது. விரல் சுத்தமாக இருந்தது. கரைந்துபோன இரண்டு தஃப்தர்களையும் படித்தறிய முடிந்தவரை புதிய ஏட்டில் பெயர்த்தெழுத வேண்டும் என்று சொல்லி, எத்தனை புட்டி தேவைப்படும் என்று கணக்குக் கேட்டார்.